மதராஸிலிருந்து நேட்டாலுக்கு: கூலிக் கப்பல்களில் சட்டம் செய்ததும் செய்யாததும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் கொள்ளுத்தாத்தா 1880-களில் மதராஸிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர். அடிமைகளைக் கொண்டுபோன மாதிரியே இவர்களையும் அடைத்துக்கொண்டு போனார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசு கண்டுகொள்ளவே இல்லையா? கப்பலுக்குள் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருந்ததா?"

இருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு, கப்பல் ஏறிய காலத்தில் ஓர் ஆளுக்கு எத்தனை அடி இடம், நாளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர், எத்தனை கம்பளி என்பதுவரை எல்லாமே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன ஏழை வெள்ளைக்காரர்களுக்குக்கூட இத்தனை விரிவான விதிகள் கிடையாது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் இந்த விதிகள் யாருடைய கருணையிலும் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது. அதைவிட முக்கியமானது, விதி எழுதியதால் மட்டும் சாவு குறைந்துவிடவில்லை. ஆள் செத்தால் கப்பல்காரனுக்கும் டாக்டருக்கும் காசு நஷ்டம் என்று ஆக்கிய பிறகுதான் குறைந்தது. அப்படி ஆக்காத பாதைகளில் சட்டம் பெயரளவில் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. தமிழர்கள் மிக அதிகமாகப் போனது அந்தப் பாதைகளில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடிமைக் கப்பலோடு ஒப்பிட்டுக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்கலாம். கப்பலில் மனிதரை இவ்வளவுதான் ஏற்றலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதன்முதலில் சட்டம் போட்டது அடிமை வணிகத்துக்குத்தான். 1788-ல் வில்லியம் டோல்பென் என்ற உறுப்பினர் கொண்டுவந்தது. கப்பலின் டன் அளவை வைத்து அடிமைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். பயணத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் கப்பல் தலைவனுக்கு 100 பவுண்டு, டாக்டருக்கு 50 பவுண்டு பரிசு. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுபோன கப்பல்கள். 1814-ல் மூன்று கைதிக் கப்பல்களில் கூட்டம் கூட்டமாகச் சாவு நேர்ந்தது. வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற டாக்டர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். தலைவனுக்கு அடங்காத, அரசுக்கு நேரே பதில் சொல்கிற டாக்டர் ஒருவர் ஒவ்வொரு கப்பலிலும் வேண்டும் என்பது அதன் சாரம். 'சர்ஜன் சூப்பரின்டெண்டென்ட்' என்ற பதவி அந்த வழியில் வந்தது. இந்தியக் கூலிக் கப்பல்களுக்கு வந்தபோது இந்த இரண்டும், சாவைக் குறைத்தால் காசு என்ற பரிசும் தனி அதிகாரமுள்ள டாக்டரும், ஏற்கெனவே பழகிய கருவிகள். ஆனால் அவற்றைக் கையில் எடுக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1834 நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் 36 பேரோடு மொரீஷியஸில் போய் நின்றது. அடிமை ஒழிப்புக்குப் பிறகான ஒப்பந்தக் கூலிப் பயணத்தை இதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அப்போது கப்பலுக்கென்று விதி எதுவும் இல்லை. தோட்டக்காரனின் ஏஜெண்டு ஆள் பிடித்தான், சரக்குக் கப்பலில் இடம் பிடித்தான், அனுப்பினான். 1837-ல் கல்கத்தாவில் முதல் சட்டம் வந்தது. போகிறவர் ஓர் அதிகாரி முன்னால் நின்று ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. கப்பலில் இடம், உணவு, மருத்துவர் வேண்டும். காகிதத்தில் நன்றாகவே இருந்தது.

அடுத்த வருஷமே 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள பிரிட்டிஷ் கயானாவுக்குப் போயின. ஆள் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 414 பேர் ஏறினார்கள், 1838 மே 5-ஆம் தேதி 396 பேர் இறங்கினார்கள். பின்னால் வந்த கணக்குகளோடு பார்த்தால் இது பெரிய சாவு எண்ணிக்கை அல்ல. ஆனால் இறங்கிய தோட்டங்களில் அடியும் சாவும் தொடர்ந்தன. அடிமை எதிர்ப்பு இயக்கத்தார் லண்டனில் அதைப் பெரிதாக்கினார்கள். 1839-ல் இந்திய அரசு கூலி ஏற்றுமதியை மொத்தமாகத் தடை செய்தது. 1840-ல் காலனித் துறை அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு, இது ஒன்று பயங்கரமான உயிர்ச்சேதத்தில் முடியும், இல்லையென்றால் புதிய அடிமை முறையில் முடியும், அந்தப் பொறுப்பைத் தன்னால் ஏற்க முடியாது என்று எழுதினார். நல்ல வாசகம்தான். சர்க்கரை விலை அதைவிட வலுவாக இருந்தது. 1842-ல் மொரீஷியஸுக்கும் 1844-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை துறைமுகத்தில் 'குடியேறிகள் பாதுகாவலர்' என்ற அதிகாரியை உட்கார வைத்தார்கள். கல்கத்தா, மதராஸ், பம்பாய் மூன்றில் மட்டும்தான் ஏற்றலாம் என்றார்கள்.

பாதுகாவலர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர் கப்பலை அளந்து பார்ப்பார், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார், கையெழுத்துப் போடுவார். நங்கூரம் எடுத்த பிறகு அவருக்கு அதிகாரம் கிடையாது.

பிறகு 1850-கள். விதிப் புத்தகத்தின் பெரும்பகுதி இந்தப் பத்து வருஷத்தின் பிணங்களின் மேல் எழுதப்பட்டது. 1856 ஜனவரியில் காலரா கண்ட 'ஹைதரி', 'ஃபத்தே முபாரக்' என்ற இரண்டு கப்பல்கள் மொரீஷியஸ் வந்தன. ஊருக்குள் விடாமல் வடக்கே கேப்ரியல் தீவு என்ற பொட்டல் தீவில் ஆட்களை இறக்கிவிட்டார்கள். ஒழுங்கான கூரை இல்லை, தண்ணீர் இல்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்து 280-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்திய அரசு அந்த வருஷமே மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. அந்தத் தடை வலித்தது. தோட்டக்காரர்களுக்கு ஆள் வரத்து நின்றது. தங்குமிடமும் ஆஸ்பத்திரியும் கட்டுகிறோம் என்று மொரீஷியஸ் இறங்கி வந்தது.

அதே பருவத்தில், 1856-57-ல், கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் சராசரியாக நூற்றுக்கு 17 பேர் வழியிலேயே செத்தார்கள். 1858-ல் டிரினிடாட் போன 'சால்செட்' கப்பலில் 324 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டார்கள். அந்தக் கப்பலின் தலைவர் ஸ்விண்டன் எழுதிய நாட்குறிப்பு பிழைத்திருக்கிறது. இன்று இத்தனை பேர், நேற்று இத்தனை பேர் என்று நாள்தோறும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஏறும்போதே எலும்பும் தோலுமாக இருந்தவர்களை அனுப்பினார்கள் என்பது அதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

விசாரிக்க வங்காள அரசு அமர்த்தியவர் ஃபிரெடெரிக் ஜான் மௌவாட், சிறைகளின் தலைமை அதிகாரி. அந்தமானில் கைதிக் குடியிருப்புக்குப் போர்ட் பிளேரைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவரும் இவர்தான். ஆட்களை மொத்தமாகக் கடல் கடத்துவதில் அன்றைய அரசுக்கு ஒரே மாதிரி நிபுணர்கள் போதும் போலிருக்கிறது. அந்த விசாரணையிலும் அதை ஒட்டிய மற்ற விசாரணைகளிலும் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் இவை: கப்பல் ஏறும்வரை ஆட்களை வைத்திருந்த கிடங்கிலேயே நோய் பிடித்தவர்களை எண்ணிக்கை நிரப்புவதற்காக ஏற்றியது. கல்கத்தாவிலிருந்து கடலுக்குப் போகும் ஹூக்ளி ஆற்றில் நாள்கணக்கில் ஊர்ந்து இறங்கியது. அந்த ஆற்றுத் தண்ணீரையே பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டது. சமைக்காத அவல், பிஸ்கெட் என்று பழக்கமில்லாத தீனி. ஆட்களின் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாத டாக்டர். கழிப்பிட ஏற்பாடு என்று சொல்லவே ஒன்றும் இல்லாதது.

மதராஸ் கப்பல்களில் சாவு விகிதம் கல்கத்தாவைவிட மிகக் குறைவாகவே இருந்தது. மதராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கடற்கரையிலிருந்து மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய், திறந்த கடலில் நிற்கிற கப்பலில் ஏற வேண்டும். ஏறுவதற்குப் பெரும் அவதி. ஆனால் ஆறு இல்லை, ஆற்றுத் தண்ணீர் இல்லை. ஏறியதும் நேரே கடல். துறைமுகம் இல்லாத குறையே அந்த ஒரு விஷயத்தில் ஆளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் கணிப்பு. 1860 அக்டோபர் 12-ல் மதராஸில் கிளம்பிய 'ட்ரூரோ' நவம்பர் 16-ல் 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்கு இந்தியர்கள் போனது அதில்தான் தொடங்குகிறது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்வடேர்' காலராவோடு வந்து கரைக்கு வெளியே காத்துக் கிடந்தது.

இத்தனைக்கும் பிறகு 1864-ல் பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து ஒரே சட்டமாக எழுதினார்கள். 1871-ல் ஒரு தடவை, 1883-ல் ஒரு தடவை திருத்தி விரித்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா பத்தாண்டின் தொடக்கத்தில் போயிருந்தால் 1871 சட்டம், பின்பாதியில் போயிருந்தால் 1883 சட்டம். கப்பலுக்குள் அவர் கண்டது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஓர் ஆளுக்கு 12 சதுர அடி தளம், 72 கன அடி காற்று. அதாவது ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். படுத்தால் பக்கத்து ஆளின் தோள் இடிக்கும். குழந்தைகள் இரண்டு பேர் சேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். மேல்தளத்துக்கும் சரக்கு அறைக்கும் நடுவே உள்ள இடைத்தளம்தான் இருப்பிடம். தனி ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனியாக வந்த பெண்கள் பின்பக்கம். பகலில் எல்லாரையும் மேலே அனுப்பிவிட்டுக் கீழே கழுவித் துடைத்து, சுண்ணாம்போ மருந்துத் தண்ணீரோ தெளிப்பார்கள். காற்று இறங்குவதற்குத் துணிக் குழாய்களைப் பாய்மரத்தில் கட்டிக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். சுமார் இருபத்தைந்து பேருக்கு ஒரு சர்தார், அதாவது மேற்பார்வை ஆள். சமையலுக்குப் பண்டாரிகள், கக்கூஸ் கழுவ டோபாஸ்கள், மருந்து கலக்க ஒரு கம்பவுண்டர், மொழிபெயர்க்க ஒருவர். இவர்களில் பலரைக் கூலிகளுக்குள்ளிருந்தே பொறுக்கிக்கொள்வார்கள், கொஞ்சம் சில்லறை கொடுப்பார்கள்.

சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் யாரோ ஒருவர் நம்மூர் மளிகைக் கடையில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். அரிசி, பருப்பு, நெய், உப்பு, மஞ்சள், மல்லி, மிளகாய், மிளகு, கடுகு, புளி, வெங்காயம், கருவாடு. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஆட்டுக்கறி, அதற்குக் கப்பலிலேயே உயிரோடு ஆடுகள். புகையிலை உண்டு. வடக்கத்தியாருக்கு மாவு, மதராஸ்காரருக்கு அரிசி என்று பிரித்திருந்தார்கள். தங்கள் கிராமத்தில் பஞ்ச காலத்தில் இவ்வளவு கண்ணில் பட்டிருக்குமா என்றால் பலருக்கும் பட்டிருக்காது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் கழிந்து சில வருஷங்களிலேயே உங்கள் ஆள் கிளம்பியிருக்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனால் பட்டியல் வேறு, தட்டு வேறு. புயல் நாட்களில் அடுப்பு மூட்ட முடியாது. அப்போது பிஸ்கெட்டும் அவலும்தான். அரிசியில் பூச்சி, நெய் சிக்கு என்ற புகார்கள் டாக்டர்களின் குறிப்புகளிலேயே வருகின்றன. சாதி பார்த்துச் சமையலைத் தொட மறுத்தவர்கள் முதல் வாரம் பட்டினி கிடந்து, பசி தாங்காமல் பிறகு வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த விதிகளுக்கு அடியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 72 கன அடி என்ற கணக்கு, நோய் கெட்ட காற்றிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கையில் போட்டது. காலரா தண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854-லேயே காட்டியிருந்தாலும் அதிகாரிகள் நெடுங்காலம் ஏற்கவில்லை. ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து குளத்துத் தண்ணீரில் கிருமியைக் கண்டுபிடித்தது 1884-ல். ஆகவே காற்றுக் குழாய், புகை போடுதல், சுண்ணாம்பு அடித்தல் என்று பக்கம் பக்கமாக விதிகள். அதற்கிடையே, கடல் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஒன்று ஒவ்வொரு கப்பலிலும் வேண்டும் என்று ஒரு விதி. பீப்பாய்த் தண்ணீர் போதாமல் போனால் என்ன செய்வது என்ற கவலையில் வைத்தது. காலராவை மட்டுப்படுத்தியதில் காற்றுக் குழாய்களைவிட இந்தக் கருவிக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். காய்ச்சின தண்ணீரில் கிருமி ஏது? காரணம் தெரியாமலே சரியானதைச் செய்திருக்கிறார்கள்.

சரி, யார் இதையெல்லாம் நடத்தி வைத்தது? இங்கேதான் காசு வருகிறது. சர்ஜன் சூப்பரின்டெண்டென்டுக்குச் சம்பளம் கப்பல் கம்பெனி தரவில்லை, போய்ச் சேரும் காலனி தந்தது. அதுவும் மாதச் சம்பளமாக அல்ல. உயிரோடு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை ஷில்லிங். பயணங்கள் கூடக் கூட அந்த வீதமும் கூடும். கப்பல் சொந்தக்காரனுக்கும் கட்டணம் உயிரோடு இறக்கிய தலைக்கணக்கில்தான். தலைவனுக்கும் துணை அதிகாரிகளுக்கும் தனியாக வெகுமதி உண்டு. இறங்குதுறையில் குடியேற்ற அதிகாரி கூலிகளிடம் குறை கேட்டு, திருப்தி என்று எழுதினால்தான் கிடைக்கும். டோல்பென் காலத்துக் கணக்கு, ஆள் மட்டும் வேறு.

இதனால் என்ன ஆயிற்று என்றால், இதையே தொழிலாகக் கொண்ட டாக்டர்களும் கப்பல்களும் உருவானார்கள். வருஷா வருஷம் இதே வேலையாகப் போய்வரும் டாக்டர்களுக்காக 1889-ல் ஜேம்ஸ் லாயிங் என்பவர் தனிக் கையேடே எழுதினார். ஜேம்ஸ் நூர்ஸ் என்பவரின் கம்பெனி ஆற்றுப் பெயர்களை வைத்த கப்பல்களை, கங்கை, சட்லெஜ், எல்ப் என்று, இந்த வேலைக்கென்றே ஓட்டியது. இடைத்தள உயரம், ஆஸ்பத்திரி அறை, கழிப்பிடம் எல்லாம் விதிக்கு ஏற்றபடி இருந்தன. நூற்றாண்டின் முடிவில் மேற்கிந்தியப் பயணத்தில்கூடச் சாவு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அதிலும் செத்தவர்களில் பெரும்பாலும் கைக்குழந்தைகள். அம்மை ஒரு கப்பலில் ஏறிவிட்டால் முதலில் அவர்களைத்தான் கொண்டுபோகும். இரண்டு குழந்தைக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் அவர்களுக்குப் பரிசும் பாதிதான்.

டாக்டர் எல்லாம் தங்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. குடிகாரர்கள் இருந்தார்கள். தலைவனோடு யாருக்கு அதிகாரம் என்று சண்டை போட்டே பயணத்தை ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையே கடுமையாகவும் மாறும். குளிக்க மறுத்தால் கட்டாயம், மேலே வர மறுத்தால் இழுத்து வருதல், சாப்பிட மறுத்தால் வாயைத் திறந்து ஊட்டுதல்.

உயிர் தவிர மற்றவற்றுக்கு விலை வைக்கவில்லை. அதனால் மற்றவற்றில் சட்டம் பல் இல்லாமல் கிடந்தது. மாலுமிகள் பெண்கள் பகுதிக்குப் போகக்கூடாது என்பது தெளிவான விதி. 1885-ல் கயானா போன 'ஆலன்ஷா' கப்பலில் மகாராணி என்ற இளம்பெண் மாலுமிகளின் வன்முறைக்கு ஆளாகி வழியிலேயே இறந்தாள். தோழிகளிடம் அவள் சொல்லியிருந்ததால் விஷயம் வெளியே வந்தது, கயானாவில் விசாரணை நடந்தது. அப்படி வெளியே வந்தது ஒன்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று இன்னொரு விதி. எண்ணிக்கை குறைந்தால் கப்பல் கிளம்ப முடியாது. கடைசி வாரத்தில் எப்படியாவது பெண்களைப் பிடித்துவா என்று ஆள்பிடிக்கும் ஆட்களுக்கு நெருக்கடி. பெண்களைக் காக்கவென்று போட்டதாகச் சொல்லப்பட்ட விதியே பல பெண்கள் ஏமாற்றி ஏற்றப்படக் காரணமானது.

சீனர்கள் போன கப்பல்களைக் கொஞ்சம் பார்த்தால், விதி இருப்பதும் அது பிடிக்கிற இடத்தில் இருப்பதும் எவ்வளவு வேறு என்று புரியும். 1855-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சீனப் பயணிகள் சட்டம் போட்டது. அதே 12 சதுர அடி, அதே 72 கன அடி. ஹாங்காங்கிலிருந்து கிளம்பும் எந்தக் கொடியுள்ள கப்பலுக்கும், சீனத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் அது பொருந்தும். கியூபாவுக்கும் பெருவுக்கும் ஆள் ஏற்றியவர்கள் என்ன செய்தார்கள்? ஹாங்காங்குக்கு எதிரே, படகு தூரத்தில், போர்ச்சுகீசியரின் மக்காவ். அங்கே போய் ஏற்றினார்கள். 1871 மே மாதம் மக்காவிலிருந்து பெருவுக்குக் கிளம்பிய 'டான் ஹுவான்' கப்பலில் தீப்பிடித்தபோது கீழ்த்தளத்தின் வாசல்கள் பூட்டியிருந்தன. 600-க்கு மேற்பட்டவர்கள் வெந்தும் மூச்சடைத்தும் செத்தார்கள். அதற்கடுத்த வருஷம் 'மரியா லூஸ்' என்ற பெரு நாட்டுக் கப்பல் பழுது பார்க்க யோகஹாமாவில் ஒதுங்கியது. ஒரு சீனர் கடலில் குதித்துத் தப்பினார். ஜப்பானிய நீதிமன்றம் விசாரித்து மீதி எல்லாரையும் விடுவித்தது. பெரு வழக்காடியது. நடுவராக இருந்த ரஷ்யச் சக்கரவர்த்தி 1875-ல் ஜப்பான் செய்தது சரி என்றார். அதற்குள் 1874-ல் மக்காவ் வணிகமே மூடப்பட்டுவிட்டது. கன அடிக் கணக்கால் மூடப்படவில்லை, எல்லாப் பக்கமும் அவமானப்பட்டதால் மூடப்பட்டது.

இப்போது முன்பு சொன்ன தமிழர் பாதைகள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் நேட்டால், பீஜி, மொரீஷியஸ் போனவர்களைவிடப் பல மடங்கு. இலங்கையை 1847-லேயே கூலி ஏற்றுமதிச் சட்டத்தின் கட்டுகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஒருநாள் பயணத்துக்கு எதற்கு டாக்டர் என்பது வாதம். கங்காணி கடன் கொடுத்து ஆள் சேர்ப்பான். தோணியில் மன்னாருக்குப் போவார்கள், பிறகு காட்டு வழியாக மாத்தளைக்கு நடப்பார்கள். சாவு கடலில் நேரவில்லை, நடையில் நேர்ந்தது. செத்தால் யாருக்கும் தலைக்காசு நஷ்டமில்லை. கங்காணி கொடுத்த முன்பணம்கூடச் செத்தவனின் உறவினர் தலையில் ஏறும்.

பினாங்கு இன்னும் விசித்திரம். 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் ஆட்சிக்குள் இருந்தன. ஆகவே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போவது சட்டத்தின் பார்வையில் வெளிநாடு போவதே அல்ல. 1859-ல் வங்காள விரிகுடாக் கப்பல்களில் அளவுக்கு மீறி ஏற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு, அவ்வளவுதான். 1867-ல் அந்தக் குடியேற்றங்கள் லண்டனின் நேர் ஆட்சிக்குப் போனதும், யாரும் கவனிக்காமலே நாகப்பட்டினம் பாதை சட்டவிரோதமாகிவிட்டது. சில வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள், நிறுத்தினார்கள், தோட்டக்காரர்கள் கூச்சலிட்டதும் 1872-ல் தனிச் சட்டம் போட்டுத் திறந்துவிட்டார்கள். அப்புறம் போன லட்சக்கணக்கானவர்கள் டெக் பயணிகள். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் இருக்கை. அவர்களுக்குத் தலைக்கணக்கில் காசு வாங்கும் டாக்டர் இல்லை, பயணம் முழுக்க எழுதிய நாட்குறிப்பும் இல்லை. மலாயாவுக்குப் போன மூதாதையரைத் தேடுகிறவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். நேட்டால் போனவருக்கு அப்படியில்லை.

காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் போனவர்களின் கதை தனி. பிரெஞ்சுக் கொடியின் கீழ் அது 1850-களில் பெருகியது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்து பிரிட்டிஷ் விதிகளை அங்கும் கொஞ்சம் நீட்டின. புகார்கள் ஓயவில்லை. 1880-களில் இந்திய அரசே ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டது.

உங்கள் கொள்ளுத்தாத்தா விஷயத்துக்கு வருவோம். மதராஸ் கிடங்கில் சில நாளோ வாரங்களோ வைத்திருந்து டாக்டர் சோதித்திருப்பார். பாதுகாவலர் முன்னால் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், வயது, உயரம், உடல் அடையாளம் எல்லாம் பதிந்திருப்பார்கள். பாய்மரக் கப்பலென்றால் டர்பனுக்கு ஐந்தாறு வாரம். பிற்காலத்தில் 'உம்லாஸி' போன்ற நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு நாட்கள் குறைந்தன. அவர் போன பாதையில் ஆப்பிரிக்காவின் தெற்கே கேப் முனையைச் சுற்ற வேண்டியதில்லை. மேற்கிந்தியம் போனவர்கள் பட்ட குளிரும் அங்கே சுருண்ட உயிர்களும் இவர் பயணத்தில் குறைவு. நேட்டால் பயணங்களில் 1880-களில் சாவு பொதுவாகக் குறைவாகவே இருந்தது. அடிமைக் கப்பல் மாதிரி சங்கிலி கிடையாது, பகலில் மேல்தளம் உண்டு, வயிற்றுக்குச் சோறு உண்டு. ஆனால் ஏமாற்றி ஏற்றியிருந்தாலும் நடுக்கடலில் சொல்ல ஆளில்லை. இறங்கியதும் ஐந்து வருஷம் ஒரு தோட்டத்துக்குக் கட்டுண்டவர். தோட்டத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் கப்பலில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அது கப்பலுக்குப் புகழா, தோட்டத்துக்கு இகழா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தேட வேண்டுமென்றால் அவருடைய காலனி எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தொடர் எண் ஒன்று கொடுத்தார்கள். 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது அந்த எண். பழைய பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, விடுதலைப் பத்திரம் எதிலாவது அது இருக்கும், வீட்டுப் பெட்டியில் பாருங்கள். கப்பல் பட்டியல்கள் டர்பனில் குவாஜுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதூலி ஆவண மையத்தில் இருக்கின்றன. எண் இல்லையென்றால் கிராமத்தின் பெயரையும் தாலுகாவையும் வைத்துத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் ஏகப்பட்ட விதமாகச் சிதைந்திருக்கும், ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் முயன்று பார்க்க வேண்டிவரும். கப்பலின் பெயரும் வந்து சேர்ந்த தேதியும் கிடைத்துவிட்டால், அந்தப் பயணத்துக்கு டாக்டர் கொடுத்த அறிக்கை குடியேற்றத் துறை ஆவணங்களில் இருக்கிறதா என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள்.